கடலோர ஊரில் சாஃப்ட்வேர் கம்பெனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன் கம்பெனி, ஐஸ் கம்பெனி, கருவாட்டுக் குடோன் இவற்றுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிற சின்ன நிறுவனம் எங்களுடையது. ஆபீஸ் ராமநாதபுரத்தில், வாடிக்கையாளர்கள் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடற்கரை ஓரமாக. கல்லூரி முடித்தவர்கள், சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரலாமா என்று யோசிப்பவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் என்று பலரும் போன் போட்டு ஒரே கேள்விகளைக் கேட்பதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். சட்டம், வரி வருகிற இடங்களில் அடிப்படையை மட்டும் சொல்லியிருக்கிறேன், கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் இங்கிருந்தே நடத்த முடியுமா?

முடியும். இதைக் கேட்பவர்கள் கூடவே ஜோஹோவைச் சொல்வார்கள், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அவர்களால் முடிகிறதே என்று. அந்த நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, வெளிநாட்டுத் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனங்களுக்கு விற்று நன்றாகக் காலூன்றிய பிறகுதான் கிராமத்துக்குப் போனது. ஊரில் உட்கார்ந்து டாலரில் விற்பது ஒரு தொழில், ராமேஸ்வரம் வியாபாரிக்கு ரூபாயில் விற்பது முற்றிலும் வேறு தொழில். முதலாவதற்கு நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது பெரிய விஷயமில்லை, இரண்டாவதற்கு அதுதான் எல்லாமே. நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், அதனால் கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

இங்கே லாபம் என்னவென்றால் வாடகை குறைவு, வாடிக்கையாளர் கூப்பிட்டால் பைக்கில் போய் நிற்கலாம், அவர்கள் பேசுகிற கணக்கு உங்களுக்குப் புரியும். நஷ்டம், அனுபவமுள்ள புரோகிராமர் கிடைப்பது கஷ்டம், அப்புறம் வாடிக்கையாளர் வருமானமே கடலை நம்பி இருப்பதால் உங்கள் வருமானமும் அதே கடலை நம்பித்தான்.

எந்த ஐடியாவை எடுத்துக்கொண்டு தொடங்குவது?

ஐடியாவைத் தேடாதீர்கள், நோட்டைத் தேடுங்கள். இந்தக் கடற்கரையில் யாராவது ஒருவர் தினமும் ஒரு நோட்டில் எழுதி, கூட்டி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார் என்றால் அங்கே ஒரு சாஃப்ட்வேருக்கு இடம் இருக்கிறது. ஐஸ் கம்பெனியில் எத்தனை பார் (ஐஸ் கட்டி) யாருக்குக் கடனாகப் போயிற்று என்று ஒரு நோட்டு, நண்டு கம்பெனியில் சதை எடுக்கும் பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி போட ஒரு நோட்டு, முண்டு மிளகாய் வாங்கும் கமிஷன் மண்டியில் ஒரு நோட்டு, கரிமூட்டம் போடுபவரிடம் ஒரு நோட்டு. உட்கார்ந்து பாருங்கள். "இதில் என்ன சிரமம்?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லையே" என்பார்கள், பழகிவிட்டது அவர்களுக்கு. எந்த இடத்தில் கால்குலேட்டரை எடுக்கிறார், எந்த இடத்தில் பழைய பக்கத்தைப் புரட்டுகிறார், எந்த இடத்தில் யாரோடாவது சண்டை வருகிறது, இந்த மூன்றையும் கவனித்தால் போதும்.

மீன் கம்பெனியில் பெரும்பாலும் பழைய பக்கம் புரள்வது முன்பணத்துக்காகத்தான். படகுக்காரருக்கு வியாபாரி முன்பணம் கொடுத்திருப்பார், பிடித்து வருகிற மீன் அவரிடம்தான் வரவேண்டும், ஒவ்வொரு முறையும் கமிஷனும் கழிவும் போக மீதி எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு குறைந்தது என்பதுதான் அந்தத் தொழிலின் நடு நரம்பு. பில் போடுவது அதற்கு அப்புறம்தான். வெளியிலிருந்து வரும் பில்லிங் சாஃப்ட்வேர்கள் இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுவே, அவற்றில் பில் இருக்கும், முன்பணம் என்ற ஒன்றே இருக்காது.

முதல் வெர்ஷனில் என்னென்ன இருக்கவேண்டும்?

ஒரே ஒரு வேலை, அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை. எங்கள் விஷயத்தில் அது: ஏலத்தில் போன மீனைப் பதிவு செய், கழிவுகளைக் கழி, படகுக்காரர் கணக்கில் ஏற்று, சீட்டு அடித்துக் கொடு. லாகின் பக்கத்தில் அழகான படமும் டாஷ்போர்டில் வண்ண வட்டமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு வேலையே லேசானதில்லை, கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இறால் கிலோவில் போகும், சில மீன் கூடைக் கணக்கில் போகும், சங்காயம் என்கிற விலை போகாத சில்லறை மீன் மொத்தமாகக் குத்துமதிப்பில் போகும். ஆகவே அளவு என்றாலே கிலோ என்று எழுதிவிட்டால் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள். கழிவுகள் ஊருக்கு ஊர் மாறும். கமிஷன் உண்டு, ஐஸ் உண்டு, சில இடங்களில் ஊர்ப் பொதுவுக்கென்று பிடிக்கிற மகமை உண்டு, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போகிற பங்கு உண்டு. அதன் பெயரையும் விகிதத்தையும் வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளும்படி வைக்கவேண்டும், புரோகிராம் கோடுக்குள் எழுதக்கூடாது. ஆள் பெயரும் அப்படித்தான், ஒரே படகுத்துறையில் அரை டஜன் முனியசாமியும் நாலு அந்தோணியும் இருப்பார்கள், அவர்களைக் கணக்குப்பிள்ளை பட்டப்பெயராலோ படகு நம்பரின் கடைசி எண்களாலோதான் அடையாளம் வைத்திருக்கிறார். தேடும் கட்டத்தில் அந்த இரண்டும் வேலை செய்யவில்லை என்றால் அவர் நோட்டுக்கே திரும்பிவிடுவார்.

அப்புறம் கை. ஏலம் நடக்கிற இடத்தில் எழுதுபவர் கை ஈரமாக இருக்கும், செதிலும் கூழும் ஒட்டியிருக்கும், போன் பாலிதீன் கவருக்குள் இருக்கும். ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது, எட்டு என்று தொட்டால் ஐந்து விழும், அல்லது எதுவுமே விழாது. ஆகவே பெரிய எண் பொத்தான்கள், ஒரு திரைக்கு ஒரு கேள்வி, கடைசியாகப் போட்டதை ஒரே தட்டில் அழிக்கும் வசதி. ஏசி அறையில் உட்கார்ந்து வடிவமைக்கும்போது இதெல்லாம் தோன்றாது, நாலு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டெமோ பார்த்த எல்லாரும் நல்லா இருக்கு என்கிறார்கள், ஒருவரும் வாங்கவில்லையே?

யாருக்கு டெமோ காட்டினீர்கள்? காசு கொடுப்பவர் முதலாளி, தினமும் தட்டப்போகிறவர் கணக்குப்பிள்ளை. இருவருக்கும் வேண்டியது வேறு. கீழக்கரையிலோ துபாயிலோ உட்கார்ந்து இன்றைக்கு எவ்வளவு சரக்கு, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று பார்க்க முதலாளிக்கு ஆசை. கணக்குப்பிள்ளைக்கோ, இது வந்தால் என் வேலை போய்விடுமோ, இருபது வருடமாக நான் மனசில் வைத்திருக்கிற கணக்கெல்லாம் இவர் கண்ணுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். முதலாளியை மட்டும் மயக்கி விற்றுவிட்டால் கணக்குப்பிள்ளை ஒரே மாதத்தில் "சார், இது கணக்குத் தப்பா காட்டுது" என்று சொல்லி மூடிவிடுவார், அதை மறுத்துப் பேச முதலாளிக்குத் தெரியாது.

ஆகவே நாங்கள் கணக்குப்பிள்ளையிடம்தான் முதலில் போகிறோம். அவருடைய பேரேட்டில் இருக்கிற வரிசையிலேயே திரையிலும் வைக்கிறோம், ராத்திரி உட்கார்ந்து கூட்டுகிற வேலை போய்விடும் என்று அவருக்கே காட்டுகிறோம். அண்ணே, ஒரு வாரம் நோட்டும் எழுதுங்க, இதிலயும் போடுங்க, எது சரியா வருதுன்னு நீங்களே பாருங்க, அவ்வளவுதான் பேச்சு. அவர் ஒப்புக்கொண்டால் முதலாளி பணம் கொடுப்பது சம்பிரதாயம்தான்.

இன்னொன்று, "நல்லா இருக்கு" என்பது நம் ஊரில் மரியாதைச் சொல். "எப்போது வந்து போட்டுக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டால்தான் அது வியாபாரம்.

ஆரம்பத்தில் இலவசமாகக் கொடுத்து ஆள் சேர்க்கலாமா?

வேண்டாம். இலவசமாக வாங்கியவர் குறை சொல்லமாட்டார், பயன்படுத்தவும் மாட்டார், பக்கத்துத் துறையில் போய் "அது சும்மா கொடுக்குறாங்க" என்று மட்டும் சொல்வார். ஒரு மாதம் சோதித்துப் பார்க்கக் கொடுங்கள், முடிந்ததும் சின்னத் தொகையாவது வாங்குங்கள்.

விலையை எப்படி முடிவு செய்வது?

கூட்டிப் பாருங்கள். மாதம் 500 ரூபாய், 40 வாடிக்கையாளர் என்றால் 20,000, அதில் ஒரு புரோகிராமருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, பெட்ரோலுக்கும் சர்வருக்கும் போக உங்களுக்கு எதுவும் மிஞ்சாது. அதே 40 பேரிடம் 1,500 என்றால் 60,000, இப்போது மூச்சு விடலாம். இங்கே வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு, கடற்கரை நீளமே அவ்வளவுதான், ஆகவே குறைந்த விலைக்கு லட்சம் பேருக்கு விற்கிற கணக்கு இங்கே ஓடாது. கூடவே, சேர்கிறவர்களை எண்ணும்போது விலகுகிறவர்களையும் எண்ணுங்கள். மாதம் நூற்றுக்கு ஐந்து பேர் விலகினால் வருட முடிவில் நூறு பேரில் 54 பேர்தான் மிச்சம். மாதத்துக்கு ஐந்து என்பது கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், வருடத்தில் பாதிக் கடை காலி.

அப்புறம் பருவம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகள் போகும், அதனால் அந்தச் சரக்கை வாங்குபவர்களுக்குக் கொஞ்சம் ஓட்டம் இருக்கும், ஆனால் விசைப்படகை நம்பிய மீன் கம்பெனியில் பெட்டி அடுக்கிக் கிடக்கும். மே மாதம் போய் சந்தா கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. நாங்கள் வருடச் சந்தாவாக வைத்து, புதுப்பிக்கும் தேதியை எல்லாருக்கும் தடை முடிந்து மீன்பாடு சூடு பிடித்த பிறகு வருகிற மாதிரி மாற்றிவிட்டோம். மாதமாகத்தான் கொடுப்பேன் என்பவர்களுக்குப் பத்து மாதத்துக்குப் பிரித்து வாங்குகிறோம். கையில் எப்போது காசு புழங்குமோ அப்போது கேட்பது ஒரு கலை, அதை எந்தச் செயலியும் செய்து தராது.

சொந்தக்காரர், தெரிந்தவர்களிடம் பாக்கியை எப்படிக் கேட்பது?

நீங்கள் கேட்காமல் போன் கேட்கும்படி வைத்துவிடுங்கள். யுபிஐ ஆட்டோபேயில் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் போடாமலே தானாகப் பிடித்தம் ஆகும், கணக்கில் பணம் இருந்தால் சரி. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நினைவூட்டல், அப்புறம் ஒரு போன், அப்புறம் நேரில். சாஃப்ட்வேரை நிறுத்துவதாக இருந்தால் புதிய பதிவு போடுவதை மட்டும் நிறுத்துங்கள், பழைய கணக்கைப் பார்ப்பதையும் எடுத்துக்கொள்வதையும் ஒருபோதும் பூட்டாதீர்கள். அது அவருடைய கணக்கு. அதைப் பூட்டினீர்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் தங்கச்சிமடத்தில் சொன்னது சாயங்காலத்துக்குள் தேவிபட்டினம் வந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. படகு இலங்கையில் பிடிபட்டு, ஆள் சிறையில் இருக்கிற வீட்டில் பாக்கி கேட்காதீர்கள். அந்த வருடப் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள்.

புரொப்ரைட்டரா, பிரைவேட் லிமிடெட்டா?

தனியாளாக, கூட்டாளியோ முதலீடோ இல்லாமல் தொடங்குகிறீர்கள் என்றால் புரொப்ரைட்டராகவே தொடங்குங்கள், பான் எண்ணும் கரன்ட் அக்கவுண்டும் போதும். கூட்டாளி வந்தாலோ வெளிப்பணம் வந்தாலோ மட்டும் பிரைவேட் லிமிடெட். அதற்கு இரண்டு இயக்குநர், இரண்டு பங்குதாரர் வேண்டும், குறைந்தபட்ச மூலதனம் என்று 2015 முதல் எதுவும் கிடையாது. ஆகவே பதிவு செய்வது சுலபம், வைத்திருப்பதுதான் செலவு. வருமானமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் ஆடிட் உண்டு, ஆண்டறிக்கைப் படிவங்களைத் தாமதித்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும், உச்சவரம்பு கிடையாது. தொடர்ந்து மூன்று வருடம் போடாமல் விட்டால் இயக்குநர் பதவிக்கே ஐந்து வருடம் தகுதி போய்விடும். கல்லூரி கடைசி வருடத்தில் ஆசைக்கு ஒரு கம்பெனி பதிவு செய்துவிட்டு மறந்துபோன தம்பிகள் சிலரை எனக்குத் தெரியும், பாவம்.

இடையில் எல்எல்பி (பொறுப்பு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) ஒன்று இருக்கிறது, விற்பனை 40 லட்சத்தையும் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாதவரை ஆடிட் வேண்டாம். முதலீட்டாளர் வரப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அது மோசமில்லை.

ஜிஎஸ்டி எப்போது எடுக்கவேண்டும்?

சேவைக்கு வருட விற்றுமுதல் 20 லட்சம் தாண்டும்போது கட்டாயம். அதற்கு முன்பே எடுக்கலாமா என்றால், உங்கள் வாடிக்கையாளர் யார் என்பதைப் பொறுத்தது. பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆகவே மீன் வியாபாரி நீங்கள் போடும் 18 சதவீதத்தை எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது, அவருக்கு அது அப்படியே செலவு. 1,500 என்று பேசிவிட்டு 1,770-க்கு பில் நீட்டினால் நீங்கள் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார், அதனால் வரி சேர்த்தே விலை சொல்லிப் பழகுங்கள். ஏற்றுமதி கம்பெனிக்கோ இந்தச் சிக்கல் இல்லை, அவர்கள் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, திரும்பப் பெறலாம், உங்களிடம் ஜிஎஸ்டி எண் இல்லை என்றால்தான் முகம் சுளிப்பார்கள்.

துபாயில் இருக்கும் மச்சான் பணம் போடுகிறேன் என்கிறார், வாங்கலாமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் இதுதான் நம்பர் ஒன் கேள்வி. வாங்கலாம், ஆனால் அது கடனா, பங்கா, பிரியமாகக் கொடுத்ததா என்பதை முதல் நாளே தாளில் எழுதுங்கள். "பிறகு பார்த்துக்குவோம் மாப்ளே" என்று தொடங்கிய பணம் ஒரு கல்யாண வீட்டில்தான் போய் வெடிக்கும்.

பங்கு என்றால் சில விஷயம். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குப் பங்குக்காகப் பணம் வந்தால் 60 நாளுக்குள் பங்கை ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தரவேண்டும், அப்படியும் தராவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது டெபாசிட் மாதிரி ஆகிவிடும், பிறகு தலைவலி. மச்சான் என்ஆர்ஐ என்றால், லாபத்தையும் முதலையும் வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துப்போகும் உரிமையோடு போடுகிறாரா, இல்லையா என்று கேளுங்கள். எடுத்துப்போகாத வகையில் போட்டால் உள்நாட்டு முதலீடு மாதிரியே கணக்கு. எடுத்துப்போகும் வகை என்றால் பங்கு ஒதுக்கி 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை போகவேண்டும். இரண்டிலும் பணம் வங்கி வழியாகத்தான் வரவேண்டும், ஊரில் யாரோ கையில் கொண்டுவந்து கொடுக்கிற பணத்தைக் கம்பெனிக் கணக்கில் ஏற்றுகிற வேலையே வேண்டாம்.

மச்சானிடம் இன்னும் ஒன்று சொல்லிவிடுங்கள், இந்தப் பணம் முழுதாகப் போகவும் போகலாம் என்று. அதைக் கேட்டும் கொடுக்கிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

நண்பனோடு சேர்ந்து தொடங்குகிறோம், ஆளுக்குப் பாதி சரிதானே?

பாதி பாதியில் தவறில்லை, முதல் நாளே முழுசாகக் கையில் கொடுப்பதுதான் தவறு. பங்கு நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரட்டும், முதல் வருடம் முடியும்முன் விலகினால் ஒன்றும் கிடையாது, அதன்பின் மாதா மாதம் சேரும் என்று எழுதிக்கொள்வதுதான் உலகம் முழுக்கப் பழக்கம். இப்படி எழுதாமல் விட்டு, எட்டாம் மாதத்தில் கூட்டாளிக்கு அரசு வேலை கிடைத்தது என்று வையுங்கள். அவர் சந்தோஷமாகப் போய்ச் சேர்வார், பாதிக் கம்பெனியும் அவர் பெயரிலேயே இருக்கும், நீங்கள் அடுத்த பத்து வருடம் அவருக்காக உழைப்பீர்கள். டொமைன் பெயர், சர்வர் கணக்கு, பிளே ஸ்டோர் கணக்கு, கோட் இருக்கும் இடம், இவை எல்லாம் கம்பெனி மின்னஞ்சலில் இருக்கட்டும், ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் வேண்டவே வேண்டாம்.

அரசு உதவி, முதலீட்டாளர் பணம்?

தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வாய்ப்பு உண்டு, பதிலுக்குச் சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள், நிபந்தனையைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் புரொப்ரைட்டருக்குக் கிடையாது, கம்பெனி, எல்எல்பி, பதிவு செய்த கூட்டு நிறுவனம் போன்றவற்றுக்குத்தான். மூன்று வருட வருமான வரி விலக்கு என்று பெரிதாகப் பேசுவார்கள், அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும், லாபம் இல்லாதவருக்கு விலக்கால் பயனும் இல்லை. அங்கீகாரம் பெற்றவருக்கு டிரேட்மார்க் கட்டணம் 9,000-க்குப் பதில் 4,500 என்பது கைக்குக் கிடைக்கிற லாபம், அதை விடாதீர்கள்.

முதலீட்டாளரைப் பொறுத்தவரை, அவர்கள் தேடுவது பத்து வருடத்தில் நூறு மடங்காகும் கம்பெனியை. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி 2010-இல் சென்னையில் தொடங்கி 2021-இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது, அது உலகம் முழுக்க விற்கிற பொருள். ராமநாதபுரம் மீன் கம்பெனிக் கணக்கு அப்படி ஆகாது, ஆகவேண்டிய அவசியமும் இல்லை, நாலு குடும்பம் கௌரவமாகப் பிழைக்கிற தொழிலாக இருந்தால் போதும் என்பவர் முதலீட்டாளர் வாசலில் நின்று நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

வேலைக்கு ஆள் எப்படிப் பிடிக்கிறீர்கள்?

மாவட்டத்தில் பொறியியல், கலைக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மார்க் பார்ப்பதில்லை, ஒரு பழைய சிட்டையைக் கையில் கொடுத்து "இதில் பாக்கி எவ்வளவு?" என்று கேட்கிறேன். கேள்வி கேட்கத் தெரிந்தவரை எடுக்கிறேன். தேறியதும் பெங்களூருக்குப் போய்விடுவார்களே என்றால், போவார்கள்தான். தடுக்க முடியாது. ஆகவே ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று எதுவும் இல்லாதபடி எழுதி வைப்பதும், ஒவ்வொரு மாற்றத்தையும் இன்னொருவர் பார்த்த பிறகே ஏற்றுவதும் எங்களுக்கு வழக்கம். ஒன்று சொல்லவேண்டும், இங்கே நிலைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற தூரத்தில் நல்ல வேலை என்றால் அவர்கள் விடுவதில்லை.

ஏஐயே கோட் எழுதுகிறதே, புரோகிராமர் எதற்கு?

நாங்களும் பயன்படுத்துகிறோம், வேகம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது எழுதித் தந்த கணக்கில் காசு தசம எண்ணாகவே வந்து விழும். கம்ப்யூட்டரில் 0.1-ஐயும் 0.2-ஐயும் தசமமாகக் கூட்டினால் விடை 0.30000000000000004. ஒரு பில்லில் தெரியாது, வருடக் கடைசியில் பேரேடு ஒரு ரூபாய் முட்டும், அதாவது கணக்கு ஒத்துவராது, கணக்குப்பிள்ளைக்கு ஒரு ரூபாய் முட்டினால் சாஃப்ட்வேர் பொய் என்று அர்த்தம். பணத்தைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வையுங்கள். இதைச் சொல்லித் தர ஆள் இருந்தால் ஏஐ நல்ல வேலைக்காரன்.

தமிழில் இருக்கவேண்டியது கட்டாயமா?

திரையில் தமிழ் சுலபம், சீட்டில்தான் சோதனை. கையடக்கத் தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது, எழுத்தை அப்படியே அனுப்பினால் கட்டங்களோ கேள்விக்குறிகளோ வரும். வழி என்னவென்றால் முழுச் சீட்டையும் படமாக வரைந்து அனுப்புவது, 58 மில்லிமீட்டர் தாளில் அச்சு அகலம் 384 புள்ளி, அதற்குள் அடங்கவேண்டும். "கொ", "ணை" எல்லாம் உடையாமல் வரும். மெதுவாகத்தான் அச்சடிக்கும், பரவாயில்லை, தன் பெயரைத் தமிழில் பார்த்த படகுக்காரர் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைக்கிறார்.

சிக்னல் இல்லாத துறையில் என்ன செய்வது? மழை, கரண்ட்?

பதிவு முதலில் போனிலேயே விழவேண்டும், சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போகவேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி அடையாள எண் கொடுத்துவிடுங்கள், அரைகுறை சிக்னலில் ஒரே பதிவு இரண்டு முறை போனாலும் சர்வர் இரண்டாவதை ஒதுக்கிவிடும். இது இல்லாவிட்டால் ஒரு கூடை இரண்டு கூடையாகும். பில் எண்ணில் போனுக்கு ஒரு முன்னெழுத்து வையுங்கள், இரண்டு பேர் ஒரே எண்ணை அடிக்கமாட்டார்கள்.

2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது கடைக்குள் இருந்த கம்ப்யூட்டர்களை யார் காப்பாற்றியிருக்க முடியும்? வாடிக்கையாளர் கணக்கு அவர் கடையில் மட்டும் இருக்கக்கூடாது, உங்கள் ஒரே சர்வரிலும் மட்டும் இருக்கக்கூடாது, வேறு நிறுவனத்தில் வேறு கடவுச்சொல்லில் இன்னொரு நகல் தினமும் போகவேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து உண்மையிலேயே கணக்கு வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டு பில் வசதி கேட்கிறார்களே?

ஒன்று உண்மைக் கணக்கு, ஒன்று காட்டும் கணக்கு. எல்லாரும் கேட்பார்கள், செய்து கொடுக்காதீர்கள். சட்டத்தை விடுங்கள், கணக்கைத் திருத்த வழி வைத்த சாஃப்ட்வேரைப் படகுக்காரர் எப்படி நம்புவார்? திருத்தம் வேண்டுமானால் பழையது அப்படியே இருக்க, புதியது யார் போட்டார், எப்போது என்று தெரிய, பக்கத்தில் விழட்டும். இதனால் சில வாடிக்கையாளர்கள் போனார்கள், படகுக்காரர்களே சொல்லிச் சிலர் வந்தார்கள்.

பெரிய ஏற்றுமதி கம்பெனி ஒன்று தனியாகச் செய்து கேட்கிறது, ஒத்துக்கொள்ளலாமா?

காசு நன்றாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் கடல்மீனுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும், எந்தப் படகு எங்கே பிடித்தது என்று காட்டவேண்டும், அதனால் அவர்களுக்குத் தேவை நிஜம். ஒரு கம்பெனிக்காக எழுதியது மற்றவர்களுக்கும் பயன்படுமா என்று மட்டும் பாருங்கள், கோட் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், பாதிப் பணத்தை முன்னதாக வாங்குங்கள். உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் நீங்கள் அவருடைய சம்பளக்காரர், அடையாள கார்டு மட்டும்தான் இல்லை. சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், தரும் வருடம் வரை அந்தச் செலவை அவர்கள் வருமான வரியில் கழிக்க முடியாது. மார்ச் மாதம் இதை மெதுவாக நினைவுபடுத்தினால் அக்கவுண்ட்ஸ் ஆள் தானே கூப்பிடுவார்.

தடைக்காலத்தில் உங்களுக்கு வேலை இருக்குமா?

எங்களுக்கு அதுதான் சீசன். கணக்குப்பிள்ளைகள் ஓய்வாக இருப்பார்கள், பழைய பேரேட்டிலிருந்து முன்பணப் பாக்கிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, படகுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தொகையை ஒத்துக்கொள்ளச் செய்வது அந்த நாட்களில்தான் நடக்கும். புதிய வாடிக்கையாளருக்குப் போட்டுக் கொடுப்பதும் அப்போதுதான். உப்புக்காற்றில் பிரிண்டர்களின் சார்ஜ் முனை பச்சை பூத்திருக்கும், சுத்தம் செய்தோ மாற்றியோ கொடுக்கிறோம். பெரிய மாற்றங்களை எல்லாம் மே மாதமே ஏற்றி முடித்துவிடுகிறோம், ஜூன் 10-க்கு மேல் சின்ன எழுத்துப் பிழையைக்கூடத் தொடுவதில்லை, ஏனென்றால் 15-ஆம் தேதிக்குப் பிறகு படகு கரைக்கு வருகிற விடியற்காலையில் ஏலக்காரர் யாருக்காகவும் நிறுத்தமாட்டார்.